பம்புசெட்டுக் கதவைத் திறந்தவனுக்கு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நீ இப்போது குறுக்கே பேசமாட்டாய், அது ஒரு வசதி.

இன்று காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டிக்காரர் அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழங்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பின்வாங்கிவிட்டேன். "இன்னா சார், பழந்தான வச்சிகினு கீறேன், பாம்பா வச்சிகினு கீறேன்?" என்றார் வண்டிக்காரர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். காஞ்சிபுரம் போகவேண்டிய நான் பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த வாசனையைப் பற்றி எனக்குச் சொன்னவன் நீதான். ஏரிக்கரை அரசமரத்தில் மலைத்தேனீக் கூடு முறம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. "வாழப்பழ வாசன வந்தா நிக்காதடா. ஒண்ணு கொட்டிடுச்சின்னு அர்த்தம். கொட்டினது சாவப்போவுது. ஆனா சாவறதுக்கு முன்னால அந்த வாசனைய உம்மேல வுட்டுட்டு, மத்ததுங்களக் கூப்டுட்டுத்தான் சாவும்" என்றாய். நானும் உன்னோடு அதே விலங்கியலைப் படித்தவன்தான். உனக்கு அரசுப் பள்ளி வேலை கிடைத்தது, எனக்குத் தனியார் பள்ளி. அதை நான் மறந்ததில்லை. நீ நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

நமக்குள் ஒரே சண்டைதான், அதையே ஆண்டுக்கணக்கில் போட்டோம். தன்னலம் இல்லாத செயல் என்று உலகத்தில் எதுவும் இல்லை என்பது என் கட்சி. உறவுக்காகச் செய்வார்கள், பதிலுக்கு ஏதாவது வரும் என்று செய்வார்கள், பேர் வாங்கச் செய்வார்கள். நாலாவது வகை கிடையாது. ஒருநாள் கருவேல மரத்தடியில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. மேல் கிளையில் ஒன்று மட்டும் இரை பொறுக்காமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாரு, அது திங்காம காவல் காத்துகினு கீது. இதுக்கு இன்னா சொல்ற?"

"கீழே மேயறது எல்லாம் அதோட அண்ணன் தம்பிங்க. சொந்த ரத்தம். இதுல என்ன பெருமை?"

"அப்ப நீயும் மூர்த்திக்குக் காவல் இரேன், பாக்கலாம்."

நான் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டேன். "தவிட்டுக்குருவி எம்எஸ்ஸி படிக்கல. அதான் அதுக்குத் தெரியுது" என்று சொல்லி என் முதுகில் தட்டினாய்.

மூர்த்தி என் தம்பி. பாகம் பிரித்தபோது கிணறு இருவருக்கும் பொது என்று பேச்சு. நெல் பூத்து நின்ற நேரத்தில் அவன் மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டான். என் பயிர் கண்ணெதிரே பதராகப் போயிற்று. அன்று பேச்சை நிறுத்திய நான் இன்றுவரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும். அதை அவனே சொல்லிக்கொள்ளட்டும்.

போன ஆண்டு அவன் தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். அவன் போகிற சாவுக்கு நான் போவதில்லை, அதனால் அங்கே நான் இல்லை. நடந்ததை எனக்குச் சொன்னது பம்புசெட்டு ஏகாம்பரம். ஏரிக்கரையில் ஊர்வலம் போனபோது யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். புகை நேராக அரசமரத்துக்கு ஏறியது. கூடு கலைந்தது. பாடையை நடுரோட்டில் வைத்துவிட்டு ஊரே ஓடியது. நீயும் ஓடி ஏகாம்பரத்தின் பம்புசெட்டு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாய். உன்னை ஒரு தேனீகூடக் கொட்டவில்லை. அங்கேயே நின்றிருந்தால் இந்நேரம் என்னோடு டீ குடித்துக்கொண்டிருப்பாய்.

ஏகாம்பரம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஜன்னல்ல பாத்தா மூர்த்தி ரோட்ல வியுந்து கெடக்குறாரு. சார் சாக்க எடுத்துத் தொட்டில முக்கினாரு. 'போவாதீங்க சார், அவுங்கூட்டு ஆளுங்களே வுட்டுட்டு ஓடிட்டாங்கோ, நமக்கு இன்னா?'ன்னேன். 'அவன் கால்ல பிளேட்டு கீது ஏகாம்பரம், எந்திரிக்க மாட்டான்'னாரு. கதவத் தொறந்தாரு. தொறந்ததும் ஒரு நிமிசம் நின்னு, 'வாழப்பழ வாசன வருது'ன்னாரு. இந்த நேரத்துல ஏது வாழப்பழம்னு நான் முயிக்கிறேன், மனுசன் பூட்டாரு."

சாக்கை மூர்த்திமேல் போர்த்தி, அதன்மேல் நீ படுத்துக்கொண்டாய். அவன் பிழைத்தான். நீ செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனாய்.

யோசிக்காமல் பாய்ந்துவிட்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படி இருந்தால் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அங்கே இருந்தவர்களில் அந்த வாசனைக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நீ. தெரிந்தபிறகும் போனாய். உன் உடம்பைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். முதுகு முழுக்கக் கொடுக்குகள் கறுப்பாகக் குத்தி நின்றன. ஒவ்வொன்றும் செத்துப்போன ஒரு தேனீ. அவை தங்கள் கூட்டுக்காகச் செத்தன, அதற்கு நம் பாடத்தில் விளக்கம் இருக்கிறது. மூர்த்தி உனக்கு யார்? உறவா? என்றாவது உனக்கு ஒரு நல்லது செய்தவனா? அந்த அடைத்த அறையில் பேர் வாங்க ஏகாம்பரத்தைத் தவிர யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? என் மூன்று வகைகளிலும் உன்னைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் நீ நிற்கவில்லை.

இதற்காக உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. எனக்கு இருந்த ஒரே நண்பனை, நான் வெறுக்கிற ஒரே ஆளுக்காகக் கொடுத்துவிட்டாய். இப்போது அவனை முன்போல நிம்மதியாக வெறுக்கவும் முடியவில்லை.

மூர்த்தி உன் சாவுக்கு வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனவன். அதன்பிறகு உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உன் தெருவைத் தவிர்க்க ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறான், அந்தக் காலை இழுத்துக்கொண்டு. நன்றிகெட்டவன் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தபோது செல்வியிடமும் சொன்னேன். உன் மனைவி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"வர்ற வெள்ளிக்கெயம அவருக்குத் தெவசம். உங்க தம்பிய வரச்சொல்லுங்கண்ணா."

"நான் அவனோட பேசறதில்லம்மா, உனக்குத் தெரியாதா?"

"உங்க சண்ட எனக்கு எதுக்கு? ஒருவாட்டி வந்து ஒக்காந்து சாப்டுட்டுப் போவச் சொல்லுங்க."

"திட்டணும்னா நானே..."

"திட்டறதுக்கு இல்லண்ணா." முறத்தைக் கீழே வைத்தாள். "நல்லா நடக்கறாரா, வேளைக்கு சாப்புடறாரான்னு பாக்கணும். அவ்ளோ பெரிய உயிரக் குடுத்து வாங்கின உயிரு. தெருவுக்குத் தெரு ஒளிஞ்சிகினு வீணாப் பூடக்கூடாதில்ல?"

நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. அவள் கேட்டது என் ஒருவன் காதில்தான் விழுந்திருக்கிறது. நான் சொல்லாவிட்டால் அவன் வரமாட்டான், அவள் இலை போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நம் சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய் என்று எழுதமாட்டேன். பதில் தெரியாத கேள்வி ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறேன், பழவண்டியைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறேன், அவ்வளவுதான். கிணற்று விஷயத்திலும் மனம் மாறவில்லை. அவனோடு பேசப்போவதுமில்லை. ஆனால் உனக்கு எழுதுகிற கடிதத்தை நான் யார் முகவரிக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். உறையில் மூர்த்தியின் பெயரை எழுதிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறேன் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அவன் பிளஸ் டூ படித்தபோது அவனுக்கு வரைய வராது. ரெக்கார்டு நோட்டில் தவளையும் கரப்பானும் நான்தான் வரைந்து, பாகங்களை எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து அவனுக்கு மறந்திருக்காது. அந்தப் படங்களுக்குக் கீழே நான் பெயர் போட்டதில்லை. இதிலும் போடாமலேயே தபால்பெட்டியில் போடப்போகிறேன்.