அக்கா மருந்தைத் துப்பவில்லை

என்னைவிட இரண்டு வயது மூத்தவளாகப் பிறந்து, இன்று என்னைவிட ஐந்து வயது இளையவளாகிவிட்ட என் பூமணி அக்காவுக்கு,

ஏழு வருடமாக உனக்கு எழுதாமல் விட்ட கடிதம் இது. எழுதி மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றிய ஒரு பொய் ஊரறியப் பரவியது. அதனால் உண்மையையும் ஊரறியவே எழுதுகிறேன்.

பளைக்கு அப்பால் அந்தச் சின்ன ஆசுப்பத்திரிக்கு என்னை அப்போதிக்கரியாக, மருந்து கொடுப்பவனாக, அனுப்பியபோது, "தனிய இருந்து என்னத்தைச் சமைச்சுச் சாப்பிடப் போறாய்? நானும் வாறன்" என்று தகரப் பெட்டியோடு கூடவே வந்துவிட்டாய். மருந்து கொடுக்க ஓர் அறை, நாங்கள் இருக்க ஓர் அறை. தென்னந்தோட்டங்களில் வேலை செய்பவர்கள் மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுடைய விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் ஊற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது என் வேலை.

பின்னேரங்களில் ஆட்கள் வராத நேரம் அந்த நுணுக்குக்காட்டி உன்னுடையதாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நீ. குளத்துத் தண்ணீரில் ஒரு துளியை வைத்து முதன்முதல் உனக்குக் காட்டிய அன்று சோறு அடிப்பிடித்தது. நீ எழும்பவே இல்லை.

அந்தத் துளிக்குள் ஓடித்திரிந்த ஒவ்வொன்றும் ஒரே ஒரு கலத்தால், ஒற்றைச் செல்லால், ஆன உயிர் என்று சொன்னேன். வாய் இல்லை, வயிறு இல்லை, ஆனால் தின்கிறது. கால் இல்லை, ஆனால் இரையைத் தேடிப் போகிறது. நீ ஒரு கொப்பியில் அவற்றைப் படமாகக் கீறத் தொடங்கினாய். பெயரும் நீயே வைத்தாய். உடம்பெல்லாம் நுண்ணிய மயிர் துடிக்க நீந்தியது உனக்குச் சப்பாத்து. காம்பில் பூத்த மணி போல இருந்து, எதுவும் முட்டினால் காம்பைச் சுருட்டிக்கொண்டது தொட்டாற்சுருங்கி. வழிந்து வழிந்து ஊர்ந்து, எதிர்ப்பட்டதை வளைத்து விழுங்கிய அமீபாவைக் கூழ் என்றாய். பச்சை உடம்பும் சிவப்புப் பொட்டுமாக வெளிச்சத்தை நோக்கி ஓடிய ஒன்றைப் பச்சைச் சீலைக்காரி என்றாய். ஊருக்குப் போய் வந்தபோது தொண்டைமானாற்றுக் கடற்கரை மணலைச் சீலைத் தலைப்பில் முடிந்து வந்தாய். அதற்குள்ளும் சுருள் சுருளாகச் சங்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஒற்றைக் கலம் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு.

ஒருநாள் ஒரு சப்பாத்து இடுப்பில் ஒடுங்கி இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்: "தம்பி, இதிலை தாய் எது, பிள்ளை எது? ஒண்டும் சாகேல்லையே?" நான் கொப்பியை உன் பக்கம் தள்ளினேன்; நீ இரண்டையும் கீறினாய்.

நோயாளி ஒருவரின் இரத்தத்தையும் காட்டினேன். சிவப்பு வட்டங்களுக்குள் கல் வைத்த மோதிரம் போல மலேரியாக் கிருமி இருந்தது.

"உதுவும் அந்தச் சாதியோ?"

"ஓம். உதுவும் ஒற்றைக் கலம்தான்."

"வடிவாத்தான் இருக்கு. பொல்லாதது" என்றாய். அதையும் கீறினாய்.

மாரி தொடங்கிய கிழமை உனக்குக் காய்ச்சல் வந்தது. முதல்நாள் மலேரியாவுக்கான கொயினாக் குளிசை இரண்டு தந்தேன். முகத்தைச் சுளித்தபடி விழுங்கினாய். மறுநாள் உன் விரலில் இரத்தம் எடுத்தேன். வெளியே காய்ச்சற்காரர்கள் வரிசையாக நின்றார்கள். வீட்டு ஆள்தானே, பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம் என்று நினைத்து உன் தகட்டை அவசரமாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அயலில் டைபாயிட் எனும் நெருப்புக் காய்ச்சலும் இருந்தது. அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"தம்பி, இண்டைக்குக் குளிசை இல்லையோ?"

"உனக்கு மலேரியா இல்லை அக்கா. தேவையில்லை."

"நல்லதாப் போச்சு. சரியான கசப்பு."

நான்காம் நாள் நீ பிதற்றத் தொடங்கினாய். யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏற்றலாம் என்று வண்டில் பிடித்தேன். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும் முன்னரே என் மடியில் உன் மூச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் வண்டிலை ஸ்டேஷன்வரை போக விட்டேன்.

செத்தவீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதா. "சின்னனிலேயே கசப்பெண்டால் துப்புறவள். தம்பி குடுத்த மருந்தையும் துப்பியிருப்பாள். தன்ரை உயிரைத் தானே துப்பிப்போட்டாள்." சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஆசுப்பத்திரிக்குத் திரும்பிப் போன பிறகு உன் தகட்டை எடுத்து வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஓர் இடமும் விடாமல் பார்த்தேன். மத்தியானம் தொடங்கிப் பொழுது படுமட்டும் பார்த்தேன். ஓர் ஓரத்தில் இரண்டு மோதிரங்கள் இருந்தன. கடுமையான மலேரியாவில் கிருமி மூளையின் நுண்ணிய குழாய்களுக்குள் ஒளிந்துகொள்ளும். விரல் இரத்தத்தில் அரிதாகத்தான் அகப்படும். இது எனக்குப் படிப்பித்த பாடம். ஒருமுறை காணாவிட்டால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அதே பாடத்தில்தான் இருந்தது.

இப்போது உலகமெங்கும் சண்டை. அரிசி பங்கீட்டில் வருகிறது. யாவாவிலிருந்து கொயினா வருவது நின்றுவிட்டது. போன கிழமை நான் லீவில் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மருந்து குடிக்க அடம்பிடித்தது. அம்மா வேலிக்கு மேலால் அதனிடம் சொன்னா: "எங்கடை பூமணியும் இப்பிடித்தான் துப்பித் துப்பிச் செத்தவள்."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் நின்றவர்களை, அவசரத்தை, அந்த இரண்டு மோதிரங்களை. கடைசியில் அம்மா ஒன்றுதான் கேட்டா.

"அப்ப அவள் துப்பேல்லை?"

"இல்லை அம்மா. நான் குடுத்ததெல்லாம் குடிச்சவ. மற்ற நாள் கேட்டவ. நான்தான் குடுக்கேல்லை."

"ஏழு வருஷம்" என்றா அம்மா. "ஏழு வருஷம் என்ரை வாயாலை என்ரை பிள்ளையைப் பழிச்சுப்போட்டன். நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் முகம் கழுவி, வெள்ளைச் சீலையை உதறிக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டா. நான் பின்னாலே போனேன். வர வேண்டாம் என்று கையைக் காட்டினா; தள்ளி நின்று பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, "என்ரை பிள்ளை மருந்தைத் துப்பேல்லை. குடிச்சவள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தா. யாரோ ஏதோ கேட்டார்கள். அம்மா நிற்கவில்லை. என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் வேலையை எனக்கே விட்டுவிட்டா என்று நினைக்கிறேன்.

இன்னும் வீட்டில்தான் நிற்கிறேன்; அம்மா என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அப்பால் போய்விடுகிறா. அவ என்றைக்காவது கதைப்பாவா, அக்கா?

முன்பு ஒரு நாள் மட்டும் பார்த்த இரத்தத்தை இப்போது மூன்று நாளும் எடுத்துப் பார்க்கிறேன், வாசலில் எத்தனை பேர் நின்றாலும். இனியும் அப்படியே பார்ப்பேன். உன்னை எப்படி இழந்தோம் என்று கேட்கிற எவருக்கும், கேட்காதவருக்கும், என் பிழையை என் வாயால் சொல்வேன். அம்மா நின்ற அதே படலைகளில் இந்தக் கடிதத்தை வாசித்துத் தொடங்குகிறேன்.

குளிசையை உன் கையில் வைக்காமல் விட்ட,
உன் கூடப்பிறந்த தம்பி