கன்னடத்துக்கு முன்னால் ஒரு பாட்டு

சார்,

இன்று மதியம் மைக்கின் பஞ்சு உறையைத் துவைக்கலாம் என்று கழற்றினேன். கிராம்பு வாசனை அடித்தது. நீங்கள் இந்த வானொலி நிலையத்தை விட்டுப் போய் மூன்று வருடம், உலகத்தை விட்டே போய் நான்கு மாதம். தொண்டைக்கு நல்லது என்று கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டே பேசுவீர்களே, அது இன்னும் அந்தப் பஞ்சில் இருக்கிறது. துவைக்க மனசு வரவில்லை, அப்படியே மாட்டிவிட்டேன். வேறொரு நாளாக இருந்தால் அழுதிருப்பேன். இன்று பயம்தான் வந்தது. பாகலூர்ப் பக்கம் கேழ்வரகு முற்றி நிற்கிறது. கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கிவிட்டன. ஏரிக்கு மேலே தைலமரத் தோப்பில் நான்கு நாளாக நிற்கின்றன என்று வனக்காவலர் மாதேஷ் சொன்னார். பகலில் ஒரு கிளை முறிகிற சத்தம்கூடக் கேட்கவில்லையாம். அதுதான் சரியில்லை என்றார்.

முப்பத்தாறு வயதில் உங்களிடம் வந்து சேர்ந்தேன். ஓசூர்த் தொழிற்சாலையில் ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தவள். என் திருநெல்வேலி இழுவையைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, வாக்கியம் முடிஞ்சப்புறமும் உன் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போகுதே" என்று சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. மறுநாளும் வந்தேன். அரசு வானொலியில் முழுச் சர்வீஸ் பார்த்தவர், எனக்காகக் கன்னட வரிகளையும் தெலுங்கு வரிகளையும் தமிழ் எழுத்தில் பெரிதுபெரிதாக எழுதி அட்டையில் ஒட்டித் தந்தீர்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் நீங்கள் சிரித்ததே இல்லை. "ஆபத்துன்னா மூணு மொழியும் ஒரே மூச்சுல. நடுவுல தும்மக்கூடக் கூடாது."

மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சாயங்காலம் நீங்கள் கீழே டீ குடிக்கப் போயிருந்தீர்கள். மாதேஷ் போன் செய்தார், யானைக் கூட்டம் தார்ச்சாலையைத் தாண்டுகிறது என்று. ஓடிவந்து தமிழில் படித்தேன். அடுத்தது கன்னடம். முந்தின வாரம்தான் ஒருவர் நிலையத்துக்குப் போன் செய்து, "ரேடியோ அக்கா கன்னடத்தைக் கொல்றாங்க" என்று கேலி செய்திருந்தார். அட்டையைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருதரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தப்பில்லாமல் படிக்கலாம் என்று ஒரு பாட்டை ஓடவிட்டேன். அது முடிந்ததும் கன்னடத்தைப் படித்தேன். ஒரு தப்புகூட இல்லை.

பாகலூரைத் தாண்டி எல்லையோரம் இருந்த நஞ்சப்பா அந்தப் பாட்டு ஓடும்போதுதான் வயலுக்குள் இறங்கியிருந்தார். காதில் செல்போன் ரேடியோ. சந்தைக்கு வேண்டிய தமிழ்தான் அவருக்குத் தெரியும். நான் படித்த எழுத்துத் தமிழ் அவர் காதில் ஏறவில்லை. கன்னடத்தைக் கேட்கும்வரை யானை அவரை உயிரோடு விடவில்லை.

குரல் என்னுடையது என்று ஊருக்கே தெரியும். பாட்டைப் போடச் சொன்னது யார் என்பதுதான் விசாரணையில் கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சொன்னேன்" என்றீர்கள். வேலையை விட்டு நீங்கள் படி இறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்தேன். "உன் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. ரெண்டு பேரும் சும்மா உக்காந்தா குழந்தைங்க என்ன சாப்பிடும்? மேல போ, ஆறரை மணி செய்திக்கு நேரமாச்சு." அவ்வளவுதான். நானும் மேலே போனேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவே இல்லை, உங்களையும் கொஞ்சம் மன்னிக்கவில்லை.

இப்போது நிலையத்தில் கம்ப்யூட்டர்தான் பாட்டுப் போடுகிறது. யானை அறிவிப்பையும் அதற்குள் அடைக்கப் போகிறார்கள். ஆறு மணிக்குத் தமிழ், ஆறே காலுக்குக் கன்னடம், ஆறரைக்குத் தெலுங்கு. "கேக்கறவங்களுக்கு ஒழுங்கா இருக்கும்மா" என்றார் மேலாளர். என் தப்பை அப்படியே எடுத்துத் தினசரி அட்டவணையாக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் என் வேலை போகும். அதைவிட ஒன்று இருக்கிறது. நேயர் குழுவில் இப்போது நஞ்சப்பாவின் மனைவி முனிரத்னம்மா இருக்கிறார்.

இன்று மூன்று மணிக்குக் குழு கூடியது. அட்டவணையை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நேரத்தில் எழுந்தேன். "அன்னைக்கு நடுவுல பாட்டைப் போடச் சொன்னது சார் இல்ல. நான்தான். என் கன்னடத்தைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாதுன்னு போட்டேன்" என்றேன். மேலாளர் பேனாவை மூடினார்.

முனிரத்னம்மா என் பக்கம் திரும்பினார். திட்டுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

"என்ன பாட்டு அது?" என்றார்.

எனக்கு நினைவில்லை, சார். ஒரு மனுஷன் உயிர் போன பாட்டு, எனக்கு அதன் முதல் வரிகூட நினைவில்லை. அதையே சொன்னேன்.

"எனக்கு ஞாபகம் இருக்குது" என்றார். "எங்க ஊட்லயும் ரேடியோ ஓடிக்கினு இருந்துச்சு. பாத்திரம் கழுவிக்கினு நானும் கூடவே பாடினேன்." பிறகு, "உங்க சாரு வருசா வருசம் ராகி அறுப்புக்கு வந்து வரப்புல நின்னுட்டுப் போவாரு. தப்பு பண்ணவரு இப்பிடி வரமாட்டாருன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் அங்கே போய் நின்ற விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே, சார்.

அட்டவணையை யோசிக்கலாம், என்னைப் பற்றியும் யோசிக்கலாம் என்று கூட்டத்தை முடித்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் முனிரத்னம்மா வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்தே முக்காலுக்கு மாதேஷ் போன் செய்தார். தோப்பு காலி. எந்தப் பக்கம் இறங்கின என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டர் பாட்டை அறுத்தேன். கன்னடத்தை முதலில் எடுத்தேன். "ஆனெகளு பந்திவெ. யாரூ ஹொலக்கே ஹோகபேடி." யானைகள் வந்திருக்கின்றன, யாரும் வயலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. உச்சரிப்பு படு மோசம். அதே மூச்சில் தெலுங்கு, அதே மூச்சில் தமிழ். யார் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முனிரத்னம்மா எழுந்து நின்று போனைக் காதில் வைத்தார். அவர் மகன் கம்பெனி ஷிப்டு முடிந்து நேராக வயல் காவலுக்குப் போகிறவன் என்று பெஞ்சில் இருக்கும்போதே சொல்லியிருந்தார். அதே வயல். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை என்று கையை ஆட்டினார்.

மேலாளர் வந்து கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். நாளைக்கு இந்த அறைக்குள் என்னை விடமாட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று மொழியிலும் படிக்கிறேன். நடுவில் கிடைக்கிற நேரத்தில் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. மாதேஷிடமிருந்து தகவல் இல்லை. அந்த அம்மாள் பன்னிரண்டு தடவையாவது போன் போட்டிருப்பார்.

இப்போது போனைக் காதிலிருந்து எடுக்காமலே கண்ணாடியைத் தட்டுகிறார். இன்னொரு தரம் படி என்று விரலைக் காட்டுகிறார்.

படிக்கிறேன், சார்.