இருநூத்திப் பதினாலு

தை 18, திங்கள்

விடியலில் பனி. மத்திகிரிக்குப் பக்கத்து மாட்டுப் பண்ணையில் பத்தாம் நாள். சாணி வாரினேன், தீவனம் வைத்தேன். ஜெயிலிலிருந்து வந்தவர்களைக் கவனிக்கும் சங்கத்து ஐயா கொடுத்த நோட்டு இது. "மனசுல ஓடறத எழுதுங்க, யாருக்கும் காட்ட வேணாம்." என்ன ஓடுகிறது என்று தெரிந்தால்தானே எழுத!

மேஸ்திரி மாடுகளின் காதுத் தகட்டு நம்பரைப் படித்தார். "இருநூத்திப் பதினாலு!" வாளியைப் போட்டுவிட்டு விறைத்து நின்றேன். "ஆஜர் ஐயா!"

ஆறு வருஷம் உள்ளே என் நம்பர் அது. இங்கே ஒரு சிவப்புக் கிடாரிக்கு. எல்லோரும் சிரித்தார்கள், நானும். வாளியை மட்டும் உடனே எடுக்கவில்லை. ஏனோ.

தை 20, புதன்

மறுபடி அதே "ஆஜர்". மேஸ்திரி கன்னடத்தில் ஏதோ திட்டினார். பிறகு தமிழில், "இன்னொரு தபா பண்ணா வேற ஆளப் பாத்துக்குவேன்."

வேலை போனால் என் சம்சாரம் பச்சியம்மாவும் போனாள். ஒரு மாசம் ஒரே இடத்தில் நின்றால்தான் தன் தங்கையை அனுப்புவானாம், நாகரசம்பட்டி மச்சான். பயமாக இருக்கிறது.

சாயங்காலம் சைக்கிளில் சங்கத்து ஐயா. சொன்னேன். "உங்க பேர நீங்களே சத்தமா சொல்லிப் பழகுங்க." கொட்டகையில் நின்று, "மாதப்பன், மாதப்பன்." வேறு எவனோ மாதிரி இருந்தது.

வாங்க: சோப்பு, பீடி.

தை 21

டீக்கடையில் மாகாணம் பிரிக்கிற பேச்சு. "ஓசூரு மைசூரோட போவுதாம்." "அடப் போய்யா, போவாது." ஊருக்கே எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தலை கனக்கிறது.

தை 22, வெள்ளி

பச்சியம்மா வந்துவிட்டாள்! சொல்லாமல் கொள்ளாமல். மாசம்கூட முடியவில்லை.

யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டில் வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். புருஷன் பேரை எப்படிச் சொல்வாள்? ஜெயில் வாசலில் சொல்லிப் பழகியதையே சொல்லியிருக்கிறாள்.

வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கொட்டகைக்கு வந்தார். "ஏம்பா, இருநூத்திப் பதினாலப் பாக்க ஒரு பொம்பள வந்திருக்குது!" மேஸ்திரி உட்பட எல்லோரும் சிரிப்பு. நான் தலை குனிந்து தவிடு பிசைந்தேன்.

பின்னாலேயே வந்துவிட்டாள். மூச்சு வாங்க, "மாடு இல்லீங்க. மாதப்பன். மாதப்பனுங்க அவரு பேரு!"

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்தப் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை.

யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் கிடாரிதான் நின்றது.