நடுவில் வந்த ‘ம்’

மச்சான்,

இன்று காலை என் தங்கை உன் தகரக் கொம்பு வழியாக டின்னில் உளுந்து கொட்டிக்கொண்டிருந்தாள். அகலமான வாய் மேலே, சின்னக் குழாய் டின்னுக்குள்ளே. நீ பார்த்துப் பார்த்து அளந்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையை ஒரே திசையில் அனுப்பவைத்த கொம்பு, இப்போது ஒரு பருப்புகூடச் சிந்தாமல் வேலை செய்கிறது. “இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் இது வூட்டு வேலைக்கு ஒதவுது” என்றாள். உன் முகம் எப்படிக் கோணியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அந்த ஏரிக்கரை ஞாபகத்துக்கு வந்தது.

அறுபதுகளின் நடுவில் நான் உத்திரமேரூர் ரைஸ் மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ செங்கல்பட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தாய். இரண்டு பேரும் லைசென்ஸ் வாங்கிய ஹாம்கள், ஆசைக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள். சிற்றலையில் பேசிப் பழகிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறம் என் தங்கையையே கட்டிக்கொண்டாய். ‘மாப்பிள்ளைன்னு மரியாதயா கூப்புடுடா’ என்று நைனா எத்தனையோ தடவை சொன்னார். வாய் வரவில்லை. நீ எனக்கு மச்சான்தான்.

சிற்றலையில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒருவர் பேசி ‘ஓவர்’ சொல்லும்வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் இவர் சொல்வதும் போகாது, அவர் சொல்வதும் கேட்காது. அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. நான் கதை அளந்துகொண்டே போவேன். நீ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றுவிடாமல் பதில் சொல்வாய். அந்த நல்ல குணமே உன் வீட்டில் தீ வைக்கப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மைக்ரோவேவ் ஆசையை மூட்டியது நீதான். பட்டணத்துப் பழைய இரும்புக் கடையில், யுத்தத்தில் மிஞ்சிய ராடார் குழாய்கள் இரண்டைக் கிளறி எடுத்து வந்தாய். இந்த அலை நேர்க்கோட்டில்தான் போகும். மரம் மறைத்தால் போச்சு, மேடு மறைத்தால் போச்சு. “கண்ணுக்குத் தெரிஞ்சாதான் இதுக்குக் காது கேக்கும், மச்சான்” என்பாய். அதனால் நீ செங்கல்பட்டு மலைமேல், நான் எங்கள் ஏரிக்கரைமேல் என்று பேசிவைத்தோம். அறுப்பு முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால வெயிலில் நீ கண்ணாடி காட்டவேண்டும். அந்த மினுக்கைப் பார்த்து நான் என்னிடமுள்ள கொம்பை உன் பக்கம் திருப்பவேண்டும்.

அதற்குள் தங்கை பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

அடித்தானா, குடித்தானா என்று அம்மா கேட்டாள். எதுவும் இல்லை. “நான் பேசினா ஒரு ‘ம்’ கூட வராதும்மா. செவுத்துகிட்ட பேசிக்கினு கீற மாதிரி கீது. மூஞ்சியப் பாத்துக்கினே குந்தினு இருப்பாரு. என்னை இன்னான்னு நெனச்சிக்கினு கீறாருன்னே தெரியல” என்று அழுதாள். நைனாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. திங்கட்கிழமை பெரியவர்களைக் கூட்டி, சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு, உறவை முறித்துவிடுவது என்று முடிவு. “அதுவரிக்கும் அந்த வூட்டு வாசப்படிய யாரும் மிதிக்கக் கூடாது” என்றார்.

வாசற்படியைத்தானே சொன்னார், மலையைச் சொல்லவில்லையே என்று நான் சைக்கிளில் பேட்டரியைக் கட்டினேன். நாம் பேசிவைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்தான் அந்தத் திங்கள். நீ மலை ஏறுவாயா என்பதே சந்தேகமாக இருந்தது. ராடார் குழாயில் வெயில் பட்டால் அலைவரிசை நழுவும், குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தங்கையைக் கேட்டேன். எதிர்முனையில் யார் என்பதை மறைக்கவில்லை. “பேசப்போறது நீ, எனக்கின்னா?” என்று குடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஏரி நிறைந்து கிடந்தது. வெகுநேரம் மலையில் ஒன்றையும் காணோம். சரி, உறவோடு இதுவும் போயிற்று என்று வயரைச் சுருட்டப் போனேன். அப்போது ஒரு வெளிச்சம் மினுக்கியது. “தோ பாரு, என் கண்ணாடிய எடுத்துக்கினு மலை ஏறிட்டாரு” என்றாள் அவள். அவள் சீரில் கொண்டுபோன முகம் பார்க்கும் கண்ணாடி. வீட்டில் வேறு கண்ணாடியே கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னாள். திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொம்பைத் திருப்பியதும் உன் குரல் பக்கத்து வயலிலிருந்து வருவதுபோல் வந்தது. “மச்சான், சத்தம் ஜோரா கீது.” நானும் ஜோர் என்றேன். அந்த நேரம் பார்த்து பேட்டரி கிளிப் கழன்றது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால்தான் செட்டுக்கு உயிர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடிக்கும்படி தங்கையிடம் சொல்லி, “சத்தம் போவுதான்னு பாக்கணும், ஒன்னு ரெண்டு மூணுன்னு சொல்லிக்கினே இரு” என்றேன். லைசென்ஸ் இல்லாதவர் பேசக்கூடாது என்பது சட்டம். அந்த அலைவரிசையில் நம்மைத் தவிர ஈ காக்கை இல்லை என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன்.

மூன்று வரைக்கும் ஒழுங்காக எண்ணினாள். அப்புறம், “பொட்டியோட போறேன்னப்பகூட வாயத் தொறக்கலியே” என்று ஆரம்பித்தாள். மடை திறந்துவிட்டது. நான் கிளிப்பை விடவும் முடியாமல், காதைப் பொத்தவும் முடியாமல் நின்றேன். பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அண்ணா, நான் பேசிக்கினே கீறேன், நடுவுல ‘ம்’ன்றாரு.”

அந்தச் செட்டின் சூட்சுமம் அப்படி, மச்சான். தன் அலையை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் எதிராளியின் அலை அதில் கேட்கும். அனுப்புவதை நிறுத்தினால் செவிடு. அதனால் இரண்டு பக்கமும் வாயும் காதும் எந்நேரமும் திறந்தே கிடக்கும். ‘ஓவர்’ வேண்டியதில்லை. மலைமேல் உன்னையறியாமல் நீ போட்ட ‘ம்’ எல்லாம் ஒன்றுவிடாமல் அவள் காதுக்கு வந்துவிட்டது.

நீ அவளிடம் சொன்னதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். “நடுவுல பேசினா நீ சொல்றது எனக்கு வுட்டுப்பூடும்னு பயம். ரேடியோவுல பழகிப்போச்சி. நீ முடிக்கட்டும்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன். நீ எங்க முடிச்ச?” அதைக் கேட்டதும் கரைமேல் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “அப்போ வூட்டுல நான் ‘ஓவர்’ சொல்லணுமா?” என்று அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது. கிளிப்பைப் பிடித்த கை மரத்துப்போயிருந்தது. ஆனால் மார்மேல் கிடந்த அம்மிக்கல் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். உறவை முறிக்க வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். “நாம பேசித் தீக்கறதுக்குள்ள இதுங்களே பேசி முடிச்சிட்டுதுங்க” என்றார் நைனா. கோபமாகச் சொல்லத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. அவரும் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார், பாவம்.

அதற்குப் பிறகு உன் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அவள் பேச்சும் உன் ‘ம்’மும் தெருவிலேயே கேட்கும். படுக்கையில் விழுந்த பிறகும், பால்காரன் கதையை அவள் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டே ‘ம்’ போட்டாய். கடைசி மூச்சுவரைக்கும் அவள் செவுத்துகிட்டப் பேசவில்லை. உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஆறுதல்.

இன்று உளுந்து கொட்டிக்கொண்டே வழக்கம்போல் உன் படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். விலைவாசி, மழை, மருமகள். அவரிடம் இன்னும் என்ன பேச்சு என்று கிண்டலாகக் கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவரு எங்க போயிட்டாரு? நான் முடிக்கட்டும்னு வாய மூடிக்கினு கீறாரு” என்றாள்.

நான் ‘ம்’ என்றேன். அவள் மேலே பேச ஆரம்பித்தாள்.