அஞ்சலை சொன்னதன் நீளம்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் சங்க மண்டபத்தில், மாலை போட்ட உங்கள் படத்துக்குக் கீழே உங்கள் வெள்ளைத் தொப்பியை வைத்திருந்தார்கள். உங்கள் மகன் கொண்டுவந்தது. அருகே போனதும் தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த அதே வாடை. இருபது வருடத்துக்குப் பிறகும் என் முதுகு தானாகக் குனிந்தது. முதலில் என்மேல் வெறுப்பு வந்தது. பிறகு உங்கள்மேல்.

அன்று உங்களை 'ஐயா' என்பேன். இன்று அந்தச் சொல் எழுத வரவில்லை. மேரு ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீங்கள் பெரிய கிராணி, நான் உங்களுக்குக் கீழே கணக்கெழுதும் சின்னக் கிராணி. அந்தத் தொப்பி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உங்களுக்குக் கொடுத்தது. அதைத் தலையில் வைத்த நாளிலிருந்து நம் ஜனங்கள் உங்களுக்கு வேறு ஜாதி மிருகங்களாகிவிட்டார்கள். "கூலிக்கு எதுக்குடா பேரு?" என்பீர்கள். பெண்களைக் கூப்பிடக்கூட மாட்டீர்கள். பிரம்பால் தொட்டுக் காட்டுவீர்கள்.

என் நினைவு தவறலாம் என்பதால், நேரில் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலையைப் பங்களா கூட்ட அனுப்பும்படி துரை சொன்னார். அவள் போகவில்லை. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் அவளை அடித்தீர்கள். நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

அந்த வாரமே கூலிகளின் குறை கேட்க வெள்ளை அதிகாரி ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை நிறுத்தினீர்கள். அஞ்சலை வரிசையை விட்டு முன்னே வந்தாள்.

"பங்களாவுக்கு வான்னாங்க தொரே. எதுக்குன்னு எனக்குத் தெரியும், இங்க நிக்கிற அத்தன பேருக்கும் தெரியும். போமாட்டேன்னேன். அதுக்கு இந்தப் பெரிய கிராணி என் புருசனப் பக்கத்துல நிக்க வச்சு, அவன் பாக்கப் பாக்க என்ன அடிச்சாரு. எங்களக் கப்பல்ல ஏத்தி கொண்டாந்தது இதுக்குத்தானா? கேட்டுச் சொல்லுங்க."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தொப்பியைச் சரிசெய்தீர்கள். அது போதுமானதாக இருந்தது. "புருஷன் பெண்டாட்டி சண்டை" என்று இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி சிரித்தார். இந்த ஜனங்களே இப்படித்தான், பெண்களுக்கு வாய் அதிகம் என்று சொல்லிவிட்டு, துரையோடு தேநீர் குடிக்கப் போனார்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னையே பார்த்து நின்றாள். "சின்னையா, நான் சொன்னது எம்மாம் நீளம். நீங்க சொன்னது ஏன் இத்துனூண்டா இருக்கு?"

நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். "பொழச்சுக்குவடா நீ." பிழைத்துக்கொண்டேன். பத்து நாளில் அவளையும் புருஷனையும் தோட்டத்தை விட்டு விரட்டினீர்கள். எங்கே போனார்கள் என்று நான் தேடவும் இல்லை.

இப்போது உங்களுக்குப் படத்திறப்பு. போன வாரம் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "நீங்கதான் அவருகூட வேல பாத்தவரு. வெள்ளக்கார அதிகாரி ஒருத்தரு வராரு. தமிழ்ல கொஞ்சம், இங்கிலீஷ்ல கொஞ்சம் பாராட்டிப் பேசிருங்க." சரி என்றேன். எனக்கு வாழ்நாள் முழுதும் வாயில் வந்த சொல் அதுதான்.

ஆறு நாள் எழுதினேன். உங்களைப் பாராட்ட ஒரு வரி தேடினேன்; கிடைக்கவில்லை. துரை கேட்டார், நீங்கள் அடித்தீர்கள், நான் மறைத்தேன். மூன்றில் எது பெரிய பாவம் என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. ஆனால் உங்களை மன்னிக்கவில்லை.

மண்டபத்தில் அவள் சொன்னதை அப்படியே தமிழில் படித்தேன். உங்கள் மகன் எழுந்து போனான். "செத்தவரப் பத்தி இப்ப எதுக்கு? ஒக்காருங்க பெருசு" என்று யாரோ சொன்னார்கள். இங்கிலீஷ் தாளை எடுத்தேன். செயலாளர் என் சட்டையைப் பிடித்திழுத்து, "வெள்ளக்காரன் முன்னால நம்ம மானத்த வாங்காதீங்க. இன்னும் எவ்வளவு நேரம் பேசுவீங்க?" என்றார்.

"அவ பேசின அளவு" என்றேன்.

முழுவதும் படித்தேன். இந்த முறை வந்திருந்த அதிகாரி சிரிக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. தாள்கள் இரண்டும் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கின்றன. கேட்க வேண்டியவளுக்கு மட்டும் இது கேட்கவில்லை.