மழைநாளின் நாற்பது

மார்ச் 4, செவ்வாய்

தம்பியின் ஸ்டார்ட்அப் தேர்வாகிவிட்டது! எங்கள் மின்தொகுப்பு நிறுவனம் நடத்திய போட்டிக்கு வந்த அறுபது பேரில் அவன் ஒருவன்தான் தேர்வு. நாளைக்கு ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள். ஆறு மாதம் எங்கள் கட்டுப்பாட்டு அறையிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். நான் சிபாரிசு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் பக்கத்து மேசைக்காரர், தடித்த கண்ணாடியால் நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுபவர், "இனி அக்கா அதட்டினாதான் கம்ப்யூட்டர் வேலை செய்யும்போல" என்று கிண்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி சாப்பிட வந்தான். "மழை வந்தா உன் ஷிப்ட்ல மட்டும் கணக்கு உதைக்குதே அக்கா, ஏன்?"

சொல்லிவிட்டேன். மழைநாளில் கணிப்புக்கு மேல் நாற்பது மெகாவாட் கூட்டிப் பதிவேன். விதிப்படி தப்பு. அதற்காக ஒரு சின்ன மின்நிலையம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் பதினோரு வருடத்துக்கு முன், இப்படி ஒரு மழையில் சூரிய மின்சாரம் சட்டென்று விழுந்து, முப்பத்தெட்டு மெகாவாட் பற்றாமல், பிரசவ ஆஸ்பத்திரி இருந்த பகுதிக்கு மின்சாரத்தை என் கையாலேயே நிறுத்தினேன். இருபது நிமிடம். அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆகிவிட்டது.

"வெளியில மூச்சு விடாதே" என்றேன். "சேச்சே, என்னை என்னன்னு நினைச்சே?" என்றான்.

ஏப்ரல் 9, புதன்

மழை. நாற்பது போட்டேன்.

மே 22, வியாழன்



இரண்டரை மாத முடிவுகளைத் தம்பி இயக்குநர் முன் திரையில் காட்டினான். ஐந்தாவது படம். தலைப்பு: 'மனிதப் பயம் - 40 மெகாவாட்'. கீழே சிவப்பில் ஒரு கோடு. "பழைய விபத்து ஒண்ணோட பாதிப்பு இது. எங்க மென்பொருளுக்கு அந்தப் பயம் கிடையாது" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். இயக்குநர் கேட்டார்: "யாரோட ஷிப்ட்?"

அவன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டதைத்தானேடா கொண்டுபோய் அங்கே வச்சே?

மே 23, வெள்ளி

ஃபோனில்: "உன் பேரே போடலையே அக்கா. அது வெறும் டேட்டா."

வெறும் டேட்டா!

மே 30, வெள்ளி

விதியை மீறிப் பதிந்ததற்காக ஆவணப் பிரிவுக்கு மாற்றல். பதினேழு வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு வந்தேன். சோடாபுட்டிதான் என் டம்ளரையும் சால்வையையும் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷன். இங்கே ஜன்னல்கூட இல்லை. மழை பெய்தால் யாராவது வந்து சொல்ல வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

சோடாபுட்டி வந்து சொன்னார். மதியம் மூன்று மணிக்குக் கொட்டியிருக்கிறது. மென்பொருள் சொன்னதை அப்படியே பதிந்திருந்தார்கள். பற்றவில்லை. பக்கத்து மின்தொகுப்பிலிருந்து அவசரமாக வாங்கிச் சமாளித்தார்களாம். "மயிரிழைல தப்பிச்சோம் அக்கா." எனக்குச் சந்தோஷமா? இல்லை. நான் சொன்னதுதான் சரி என்று ஆவதற்கு ஒரு ஆஸ்பத்திரி இருட்டில் கிடக்க வேண்டுமா?

ஆகஸ்ட் 20, புதன்

இன்று பதிவுக்கு வந்த காகிதம். 'மென்பொருளின் புதிய அம்சம்: மழைநாள் பாதுகாப்பு அளவு, 40 மெகாவாட்.' உருவாக்கியவர் என்ற இடத்தில் தம்பியின் கையெழுத்து. அடியில் இயக்குநரின் பாராட்டு, நிரந்தர ஒப்பந்தத்துக்கு ஒப்புதல்.

என் கையில் இருந்தவரை அது பயம். அவன் கைக்குப் போனதும் அம்சம். எண் போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் வைத்தேன். என் வேலை அதுதானே இப்போது. பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தான். "இன்னும் கோபமா அக்கா?" என்றான். தட்டை வைத்தேன். பாதிச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தான்:

"காத்து பலமா அடிக்கிற நாள்ல நீ வேற ஏதோ பண்ணுவியாமே, சோடாபுட்டி சொன்னார். அது என்ன?"

"எழுதி வச்சிருக்கேன். ஆவணப் பிரிவு, எண் நூத்தி முப்பத்தேழு. வெள்ளிக்கிழமையே பதிஞ்சாச்சு. இயக்குநருக்கும் ஒரு நகல் போயிருக்கு."

"யார் பேர்ல?"

"என் பேர்லதான்."

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.