சிவப்புப் பொட்டு வைத்த ஸ்பிரிங்

மார்ச் 3

போர்வைக்குள் டார்ச். எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

இன்றும் அப்பாவின் மெக்கானிக் ஷெட்டுக்குள் போனேன். அப்பாவுக்குத் தெரிந்தால் ஹாஸ்டல்தான். போன மாதம் என் கை வழுக்கி, வால்வு ஸ்பிரிங் தெறித்து அவர் புருவத்தைக் கீறியது. "இனி உள்ள கால வெச்சே, ஹாஸ்டல்" என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் அத்தையின் கார் எஞ்சின் திறந்து கிடக்கிறதே! வேலைக்குப் போகும் வழியில் மேட்டில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் போதும் அவளுக்கு. அதற்கேற்ற, வால்வுகளைத் திறக்கும் சாதுவான கேம் ஷாஃப்ட்டை அப்பா வாங்கினார். அந்த வால்வுகளை மூடும் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அண்ணனிடம் விட்டுவிட்டார். அவன் தனியாகக் கட்டும் முதல் எஞ்சின். இரண்டு செட் வந்திருக்கிறது. நீலப் பொட்டு மிதமானது. அதன் மேல் உட்காரும் ரீடெய்னர் தட்டு இரும்பு. சிவப்புப் பொட்டு பந்தயக் காருக்கானது. தட்டு அலுமினியம், பளபள. அண்ணன் எதை எடுத்தான் என்று சொல்லவும் வேண்டுமா?

மார்ச் 4

அம்மா எடை பார்க்கும் மெஷினைத் துளைபோடும் மெஷினுக்கு அடியில் வைத்து, வால்வு முழுதாகத் திறக்கும் உயரம்வரை ஸ்பிரிங்கை அமுக்கினேன். நீலம், கேமோடு வந்த சீட்டில் போட்டிருந்த எடையையே காட்டியது. சிவப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைப் போட்டால் கேம் சீக்கிரமே தேயும். அத்தை நடுரோட்டில் நிற்பாள்.

சொல்லலாம்தான். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே?

மார்ச் 5

அம்மாவுக்கு நான்கு கிலோ குறைந்துவிட்டதாம். மெஷினைக் கெடுத்தது யார் என்று நான் சொல்வதாயில்லை. பாவம், சந்தோஷமாக இருக்கட்டும்.

மார்ச் 6

செய்துவிட்டேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நீலப் பொட்டுகளின் மேல் அத்தையின் சிவப்பு நகப்பூச்சு. இரும்புத் தட்டுகளைப் பல்பொடி போட்டுத் தேய்த்தேன், அலுமினியமே வெட்கப்படும். இரண்டு செட்டையும் டப்பா மாற்றி வைத்தேன்.

மார்ச் 8

அண்ணன் மாட்டினான். ஒரு தட்டைத் தூக்கிக் காட்டி, "பாருங்க அத்தை, ரேஸ் சாமானோட மினுக்கே தனி" என்றான். ஜன்னலுக்கு வெளியே நான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன்.

மார்ச் 10

ஓடியது! மேட்டில் கியரே மாற்றவில்லையாம் அத்தை. எல்லாம் ரேஸ் ஸ்பிரிங் செய்த வேலை என்று அண்ணன் தெருவெல்லாம் தம்பட்டம். பேக்கரிக்காரர் தன் வேனுக்கும் அதையே கேட்டிருக்கிறார். அப்பா அவன் தோளில் தட்டினார். எனக்கு வயிற்றெரிச்சல். கொஞ்சம்.

மார்ச் 12

செத்தேன். வால்வுக்கு மேலுள்ள டேப்பெட் இடைவெளி சரியா என்று பார்க்க அண்ணன் எஞ்சின் மூடியைத் திறந்திருக்கிறான். சூடான எண்ணெயில் நகப்பூச்சு உரிந்து, நீலம் பல்லிளித்திருக்கிறது. நேராக என் மேசைக்கு வந்து, ஒரு சிவப்புச் செதிலைக் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்தான்.

"அத்தை எஞ்சினுக்கும் நகப்பூச்சு போடுறாங்களா?"

அடிப்பான் என்று பார்த்தால் தலையைச் சொறிகிறான். பேக்கரிக்காரரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. வேனுக்கு எந்த ஸ்பிரிங்கை, எப்படிப் பார்த்துப் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டால் குட்டு உடையும்.

"எப்படிடி பாத்தே, குட்டிப்பிசாசே?"

"நான் ஷெட்டுக்குள்ள வந்தாத்தானே காட்ட முடியும்?"

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? முறைத்தான். முறைத்துக்கொண்டே அப்பாவிடம் எனக்காகப் பேசப் போனான்.

மார்ச் 14

பேக்கரி வேன். பட்டப்பகல், ஷெட் கதவு திறந்திருந்தது, உள்ளே போனேன். அண்ணன் வெளியே போயிருந்தான். வேனுக்கடியில் படுத்திருந்த அப்பா கையை மட்டும் நீட்டி பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டார். பதற்றத்தில் கிடைத்ததை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது பன்னெண்டு" என்றார் அடியிலிருந்து. "பத்தைக் குடும்மா."

பத்தைக் கொடுத்தேன்.